110-ஐ யாருக்கும் பிடிக்கவில்லை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அலெக்ஸ் பெல்லோஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் கணிதத்தைப் பொதுமக்களுக்குச் சொல்பவர். உலகத்துக்கே ஒரு தேர்தல் வைத்துப் பார்த்தார். கட்சி கிடையாது, வேட்பாளர் கிடையாது. உங்களுக்குப் பிடித்த எண் எது, ஏன் பிடிக்கும் என்று இணையத்தில் கேட்டார். பல்லாயிரம் பேர் வாக்களித்தார்கள். 2014 ஏப்ரலில் முடிவு வந்தது. 7 முதலிடம். அடுத்து 3, 8, 4, 5. ராசி கெட்டது என்று மேல்நாட்டார் ஒதுக்கும் 13-கூட ஆறாவது இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் ஒருவர்கூட வாக்களிக்காத எண்களும் இருந்தன. அவற்றுள் மிகச் சிறியது 110.

நம் ஊர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். தமிழ்நாட்டுச் செய்தித்தாள் படிப்பவருக்கு 110 என்றால் சட்டமன்ற விதி. அமைச்சர் எழுந்து அறிக்கை படிப்பார், அதன்மேல் விவாதம் கிடையாது. ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது 'விதி 110-ன் கீழ்' என்ற சொற்கள் தலைப்புச் செய்தியில் அடிக்கடி வந்து நின்றன. ஊருக்கெல்லாம் அறிமுகமான எண்தான். பிடித்த எண் என்று சொல்லத்தான் ஆளில்லை.

ஓர் எண்ணை ஏன் பிடிக்கிறது? பெல்லோசிடம் பலர் சொன்ன காரணம் ரொம்ப எளிது: பிறந்த நாள். ஜப்பானில் ஷினோபு கிட்டாயாமா, மயூமி கரசவா என்ற இரு உளவியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. மாணவர்களிடம் எண்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். அவரவர் பிறந்த தேதியில் வரும் எண்ணுக்கு அவரவர் கூடுதல் மதிப்புப் போட்டார்கள். தன் பெயரின் எழுத்துகள் மேல் இருக்கும் பாசம் போன்றதுதான் இதுவும். கேட்டால், அப்படியா செய்தோம் என்று வியப்பார்கள்.

மகேந்திர சிங் தோனி பிறந்தது 1981 ஜூலை 7. ஏழாம் மாதம், ஏழாம் தேதி. சட்டையில் 7 போட்டுக்கொண்டது ராசிக்காக அல்ல, பிறந்த நாள் என்பதால்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். சேப்பாக்கத்து ரசிகருக்கு அந்த விளக்கம் போதவில்லை. எதைப் பார்த்தாலும் இலக்கங்களைக் கூட்டி, 7 வந்துவிட்டால் 'தல ஃபார் எ ரீசன்' என்று கத்துவது சில வருடங்களுக்கு முன் ஒரு நோயாகவே பரவியது. திருக்குறளைக்கூட விடவில்லை: 1, 3, 3, 0, கூட்டினால் 7. இந்திய கிரிக்கெட் வாரியம் 2023-இல் அந்த எண்ணுக்கே ஓய்வு கொடுத்துவிட்டது. இனி இந்திய அணியில் வேறு யாரும் 7 போட முடியாது.

ஏழுக்கு மட்டும் ஏன் இத்தனை மவுசு? ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று திடீரென்று கேட்டால், வேறெந்த எண்ணையும்விட 7 அதிகமாக வருகிறது. மைக்கேல் குபோவி, ஜோசப் சோட்கா இருவரும் 1976-இல் இதைத் தனியாகவே ஆராய்ந்து எழுதினார்கள். கணக்காகப் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது. 1, 2, 3, 4, 5 ஐந்தையும் இரட்டித்தால் பத்துக்குள் இன்னொரு எண் வரும். 6, 8, 10 மூன்றையும் பாதியாக்கலாம். 9 மூன்றின் பிள்ளை. எஞ்சியிருப்பது 7. இரட்டித்தால் எல்லை தாண்டிவிடும், வகுத்தால் உடையாது. கூட்டத்தில் யாரோடும் ஒட்டாமல் நிற்பவன்மேல் கண் போவது இயற்கை. 'சும்மா ஓர் எண்' வேண்டும் என்று மனம் தேடும்போது, எந்த வரிசையிலும் சேராத இதைத்தான் எடுக்கிறது.

இதோடு வாரத்துக்கு ஏழு நாள், சங்கீதத்துக்கு ஏழு சுரம், பாட்டி கதையில் ஏழு கடல் ஏழு மலை, கடையெழு வள்ளல்கள் என்று சேர்ந்துகொண்டே போகிறது. வேடிக்கை என்னவென்றால் ஏழைக் கொண்டாடும் இதே ஊர் ஏழரையைக் கண்டால் ஓடும். சனிக்கோள் சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு. பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்கு இரண்டரை. பிறந்த ராசி, அதற்கு முந்தியது, பிந்தியது என்று மூன்று ராசிக்குக் கூட்டினால் ஏழரை. வானநூல் கணக்கு சோதிடத்துக்குள் போய், பிறகு தெருவுக்கு இறங்கி, 'ஏன்டா ஏழரையைக் கூட்டுறே?' என்ற வசவாகிவிட்டது. ஓர் அரை கூடினால் ஓர் எண்ணின் தலையெழுத்து இப்படி மாறும்.

சுழியில் முடியும் எண்களுக்குப் பொதுவாக அன்பர்கள் குறைவு. 'ஒரு பத்து பேர் வந்தாங்க', 'நூறு தடவை சொல்லிட்டேன்' என்று தோராயத்துக்கே அவற்றைச் செலவழித்துவிடுகிறோம். பத்து என்றால் எட்டாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். முகம் தேய்ந்த காசு. கல்யாண வீட்டு மொய்யில் 100 எழுதுவதில்லை. 101, 501, 1001. ஒற்றை ரூபாய் நாணயத்தை ஒட்டியே விற்கும் மொய்க் கவர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. சுழியில் முடிந்தால் உறவும் முடிந்ததுபோல் ஆகிவிடுமாம். கூட ஒன்றைப் போட்டால் கணக்குத் தொடரும். களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணமாட்டார். 'லாபம்' என்பார், அப்புறம்தான் ரெண்டு, மூணு.

ஓர் எண் பிடித்துப்போவதில் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டு. டான் கிங், கிறிஸ் ஜானிஷெவ்ஸ்கி என்ற இரு சந்தைவியல் ஆய்வாளர்கள் 2011-இல் ஒரு கற்பனை ஷாம்புவுக்குப் பெயர் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று 'சிங்க் 24', மற்றொன்று 'சிங்க் 31'. ஷாம்பு ஒன்றுதான், எண் மட்டும் வேறு. மக்களுக்கு 24-தான் பிடித்தது. ஆய்வாளர்கள் சொன்ன காரணம் வாய்ப்பாடு. 24-ஐ மூவெட்டு என்றும் நாலாறு என்றும் சிறுவயதில் நூறு முறை சொல்லியிருக்கிறோம். 31 எந்த வாய்ப்பாட்டிலும் வராத பகா எண். மனத்துக்குச் சுலபமாக வந்து சேரும் எண், நல்ல எண் என்று தோன்றிவிடுகிறது. ஒன்றை முந்நூற்றிருபதாகப் பிரித்த முந்திரி வரைக்கும் பின்னங்களை மனப்பாடமாக ஒப்பித்த திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இந்தச் சோதனையைச் செய்திருந்தால் எந்த எண் ஜெயித்திருக்குமோ!

வியாபாரிகளுக்கு ஆய்வு தேவைப்பட்டதில்லை. 'பாட்டா விலை' என்று நாம் கேலி செய்யும் 99 ரூபாய் 90 காசு வகையறா எப்போதோ வந்துவிட்டது. ஆனால் எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2003-இல் வெளியிட்ட சோதனை கொஞ்சம் அதிர வைப்பது. அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களில் ஒரே பெண்கள் உடைக்கு 34, 39, 44 டாலர் என்று மூன்று விலை அச்சிட்டுத் தனித்தனிக் குழுக்களுக்கு அனுப்பினார்கள். 34-ஐவிட 39 டாலருக்கு அதிகம் விற்றது. விலையை ஐந்து டாலர் ஏற்றினால் வாங்குபவர் கூடுகிறார் என்றால், அது ஒன்பதின் வசியம்தான்.

சில எண்கள் வரிசை எண்ணாகப் பிறந்து பெயராக வளர்ந்துவிடுகின்றன. வாசனைத் திரவியக்காரர் எர்னெஸ்ட் போ சீசாக்களுக்கு எண் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார். கோக்கோ ஷனேல் ஐந்தாவதை முகர்ந்து அதுவே போதும் என்றார். 1921-இல் வந்த 'ஷனேல் நம்பர் 5' இன்றும் விற்கிறது. துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் டபிள்யூ.டி.-40-இல் இருப்பது நாற்பதாவது முயற்சி என்ற கணக்கு.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது ஒரு நெல். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1962-இல் 38 ஒட்டுகள் கட்டினார்கள். எட்டாவது ஒட்டு, இந்தோனேசியாவின் 'பெட்டா' நெல்லும் தைவான் குட்டை நெல்லான 'டீ-ஜியோ-வூ-ஜென்'னும் சேர்ந்தது. 1966-இல் அது ஐ.ஆர்.8 என்ற பெயரில் வெளியானது. உயரமான நாட்டு நெல் உரம் போட்டால் சாய்ந்துவிடும். இது குட்டை, தண்டு தடி, நின்று தாங்கியது. ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு டன் எடுத்தவர்கள் ஐந்தைத் தாண்டினார்கள். சோறு ருசியில்லை, ஆறினால் விறைத்துப்போகிறது என்று வீட்டில் முணுமுணுப்பு இருந்தது உண்மை. ஆனால் களம் நிறைந்தது. வட ஆற்காட்டு விவசாயி ஒருவர் அந்த மகிழ்ச்சியில், பிறந்த மகனுக்கு 'ஐ.ஆர்.எட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார். ஓர் ஆராய்ச்சி நிலையத்து நோட்டின் வரிசை எண் தமிழ்க் குழந்தைக்குப் பெயரானதைவிட ஓர் எண்ணுக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும்?

அந்த எட்டைத்தான் எண்கணிதக்காரர்கள் சனியின் எண் என்கிறார்கள். இங்கே வண்டி வாங்குபவர் பதிவெண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து எட்டு வந்தால் முகம் சுளிக்கிறார். ஒன்பது வந்தால் கும்பிடுகிறார். சீனாவில் எட்டின் உச்சரிப்பு செல்வம் சேர்வதைச் சொல்லும் சொல்லை ஒத்திருப்பதால் கதை தலைகீழ். பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கியது 2008 ஆகஸ்ட் 8, இரவு 8 மணி. 2003-இல் சிச்சுவான் விமான நிறுவனம் 8888 8888 என்ற தொலைபேசி எண்ணை 23.3 லட்சம் யுவானுக்கு ஏலம் எடுத்தது. அதே சீனாவில் சாவு என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போன 4-க்கு மாடியில் இடமில்லை. இத்தாலிக்குப் போனால் 13-ஐவிட 17 கெட்டது. நாலு, பதின்மூன்று, பதினாலு மாடிகளையெல்லாம் கட்டடக்காரர்கள் தாண்டித் தாண்டிப் போனதால், கனடாவின் வான்கூவர் மாநகரம் 2015-இல் மாடிகளுக்கு ஒழுங்காக வரிசையாக எண் போடுங்கள் என்று உத்தரவே போட்டது. தீயணைப்பு வீரர் மாடியை எண்ணிக்கொண்டு போகும்போது ராசி பார்க்க நேரம் இருக்காது.

எட்டு ஓர் ஊரில் செல்வம், இன்னோர் ஊரில் சனி என்றால் எட்டிடம் ஒன்றும் இல்லை என்றுதான் பொருள். ஏற்றி வைத்தது மக்கள்.

பயத்திலும் ரசனை உண்டு. ஆங்கிலக் கிரிக்கெட் நடுவர் டேவிட் ஷெப்பர்டை நினைவிருப்பவர்கள் இந்த அவையில் இருப்பார்கள். ஸ்கோர் 111-இல் நின்றால் அந்தக் கனத்த மனிதர் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். 222, 333 என்றாலும் அப்படித்தான். ஓட்டம் எடுத்த பிறகே காலைக் கீழே வைப்பார். யாருக்கும் நட்டமில்லாத மூடநம்பிக்கை அது. எண் மோகத்துக்குத்தான் செலவு அதிகம். அபுதாபியில் 2008-இல் '1' என்ற வண்டி எண் 5.22 கோடி திர்ஹாமுக்குப் போனது. அதை 2023-இல் துபாயில் முந்தியது 'பி 7', 5.5 கோடி திர்ஹாம். அறப்பணிக்காக நடந்த ஏலம் என்பது ஆறுதல். ஏலத்திலும் ஒன்றை ஏழு ஜெயித்துவிட்டது.

சட்டப் புத்தகம் கெடுத்த எண்களும் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு மோசடிக்கு உரியதாக இருந்தது. வெள்ளைக்காரர் எழுதிய சட்டம் ஊர் வசவாகி, ராஜ் கபூர் படத்துக்குத் தலைப்பாகவும் ஆனது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் மோசடி 318-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. ஆனால் ஏமாற்றுக்காரனைப் பார்த்து '318' என்று யார் திட்டப் போகிறார்கள்? கூட்டம் கூடத் தடை போடும் 144-க்கும் அதே கதை. சட்டத்தில் அது இப்போது 163. நாக்குக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. மறுபக்கம் 108. திவ்விய தேசம், அர்ச்சனை, உடைக்கும் தேங்காய் என்று கோயிலுக்குள் இருந்த எண், ஆம்புலன்சின் எண்ணாகி மதம் பாராமல் எல்லோர் வாயிலும் வருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணின்மேல் மனிதர் ஒட்டியவை. எண்ணுக்கு உள்ளேயே போய்ப் பார்த்து விரும்பியவர்கள் வேறு ஜாதி. கும்பகோணத்து ராமானுஜன் லண்டன் பட்னியில் நோயாளியாகப் படுத்திருந்தபோது, பார்க்க வந்த கணிதர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார். அப்படியில்லை, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார் ராமானுஜன். 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தால் 1729. 9-இன் கனம் 729, 10-இன் கனம் 1000, சேர்ந்தால் அதே 1729. ஒவ்வொரு முழு எண்ணும் ராமானுஜனுக்கு நேரடி நண்பர் என்று ஹார்டியின் சகா லிட்டில்வுட் சொன்னது இதனால்தான்.

இதை மின்னல் வெட்டியதுபோல் சொல்வது நம் வழக்கம். அது ராமானுஜனுக்குச் செய்யும் குறை. இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் எழுதிய நோட்டிலேயே இந்தக் கனங்களை அவர் அறிந்திருந்தார். கடைசிக் காலத் தாள்களில், கனங்களின் சமன்பாடு ஒன்றே ஒன்றில் தவறிப்போகும் இடங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்: 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தால் 12-இன் கனத்தைவிட ஒன்று கூடுதல்; 135-இன் கனமும் 138-இன் கனமும் சேர்ந்தால் 172-இன் கனத்துக்கு ஒன்று குறைவு. அந்தத் தாளுக்குள் எவ்வளவு பெரிய கணிதம் ஒளிந்திருந்தது என்பதை 2015-இல்தான் கென் ஓனோவும் சாரா டிரெபாட்-லெடரும் எடுத்துக் காட்டினார்கள். வருடக்கணக்கில் பழகிய எண்ணை நண்பர் தெருவில் அடையாளம் கண்டார், அவ்வளவே.

ஹார்டி விடவில்லை. நான்காம் அடுக்குக்கு இப்படி ஓர் எண் உண்டா என்று கேட்டார். சட்டென்று தோன்றவில்லை, இருந்தால் மிகப் பெரிதாக இருக்கும் என்றார் ராமானுஜன். கணிதர் ஆய்லர் முன்பே கண்டுபிடித்துவைத்த விடை 63,53,18,657. அது 59, 158 இரண்டின் நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகை. 133, 134 இரண்டின் நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையும் அதுவே.

133 என்றதும் தமிழ்க் காது நிமிரும். குறளின் அதிகாரங்கள் 133. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த வள்ளுவர் சிலை, பீடத்தோடு 133 அடி; பீடம் அறத்துப்பாலின் அதிகாரங்களுக்காக 38 அடி, சிலை மற்ற இரு பால்களுக்காக 95 அடி. ஸ்தபதி கணபதி வேண்டுமென்றே வைத்த கணக்கு அது. ஆனால் இன்னொன்றை யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை: 133-ஐ 13-ஆல் பெருக்கினால் 1729. வள்ளுவருக்கும் டாக்சிக்கும் சம்பந்தமில்லை. இதை வைத்து யாரும் கோயில் கட்டிவிடாமல் இருந்தால் சரி, ரசிக்கத் தடையில்லை.

ராமானுஜனைப்போல் எண்ணுக்குள் போய்ப் பார்த்தவர் இன்னொருவரும் உண்டு. நாசிக் பக்கம் தேவ்லாலியில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார், தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர். 1905-இல் பிறந்தவர். பெரிய பட்டமில்லை, கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர் அவரைப் பொழுதுபோக்குக்காரர் என்றே ஒதுக்கினார்கள். பம்பாய் அருகே டோம்பிவிலி ரயில் நிலையத்தில் ஒருவகை எண்கள் மனதில் தோன்றின என்பதால், அந்த ஊரின் பழைய பெயரால் 'டெம்லோ எண்கள்' என்றார். அவர் கண்டுபிடித்த விந்தை எண் 6174-ஐ உலகுக்கு அறிவித்தது நம் ஊரில்தான், 1949-இல் நடந்த சென்னைக் கணித மாநாட்டில். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்க இதழில் எழுதிய பிறகே வெளியுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

செய்முறை இதுதான். நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழியுங்கள். வந்த விடையை அதேபோல் செய்யுங்கள். ராமானுஜன் எண்ணையே வைப்போம். 9721-இல் 1279 போனால் 8442. பிறகு 5994, 5355, 1998, 8082, 8532, அதன்பின் 6174. அங்கே போனதும் நின்றுவிடும், ஏனென்றால் 7641-இல் 1467 போனால் மறுபடி 6174. ஏறத்தாழ எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு கழித்தலில் அங்கே சேர்ந்துவிடலாம். 1729 எடுத்துக்கொண்டது சரியாக ஏழு.

கப்ரேகருக்கு இன்னொரு பட்டியலும் உண்டு. 21-ஐ எடுத்து அதன் இலக்கங்களைக் கூட்டினால் 3. இரண்டும் சேர்ந்து 24. ஆக 24-க்கு 21 தாய். இப்படித் தாயே இல்லாத எண்களுக்கு அவர் வைத்த பெயர் சுயம்பு. 1, 3, 5, 7, 9, பிறகு 20, 31 என்று போகிறது. உலகம் விரும்பும் 7 அதில் இருக்கிறது. 108 இருக்கிறது. அதற்கு அடுத்தே, வாக்கே விழாத 110-உம் இருக்கிறது. பெல்லோசின் தேர்தலில் கப்ரேகர் இருந்திருந்தால் அதற்கு ஒரு வாக்காவது விழுந்திருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியே போகும்போது வாசலில் நிற்கும் வண்டிகளின் எண்களைக் கூட்டிப் பார்க்காதீர்கள்; கழித்துப் பாருங்கள். எந்த வண்டியும் ஏழுக்குள் 6174-க்கு வந்துவிடும். நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கும் வண்டிக்கு மட்டும் இது பலிக்காது. கூடுதல் பணம் கட்டி 9999 வாங்கியவருக்கு முதல் கழித்தலிலேயே 0.